புஷ் பட்டனும் ஸ்மார்ட் ரிலேயும்: வாசகர் கேள்வி பதில்

சுவரில் இருக்கும் பழைய புஷ் பட்டனை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே ஒரு ஸ்மார்ட் ரிலேயை (வைஃபை வழியாக ஃபோனிலிருந்தும் இயக்கக்கூடிய சிறு மின்சுவிட்சை) பொருத்துவது எப்படி என்று கேட்டு வந்த கடிதங்கள் இம்முறை அதிகம். கேள்விகள் பலவாக இருந்தாலும் சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருக்கிறது. சாதாரண சுவிட்ச், விளக்குக்குப் போகும் மின்சாரத்தையே விடுகிறது, தடுக்கிறது. புஷ் பட்டன் அப்படியல்ல. அது சைகை மட்டும் காட்டும். அந்தச் சைகை எந்த ஒயர் வழியாக, எத்தனை வோல்ட்டில் போகிறது என்று பார்க்காமலே ரிலேயை வாங்கிவிடுவதால்தான் பல வீடுகளில் வேலை பாதியில் நிற்கிறது. கீழே உள்ள கணக்குகள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானவை.

கேள்வி: எங்கள் வீட்டு நடையில் நான்கு இடங்களில் புஷ் பட்டன் இருக்கிறது. எதை அழுத்தினாலும் டிபி பாக்ஸில் (வீட்டின் மின்சாரம் பிரியும் பெட்டியில்) 'டக்' என்று சத்தம் வந்து விளக்கு எரியும். மறுபடி அழுத்தினால் அணையும். பட்டன்களை மாற்றாமல் ஸ்மார்ட் ரிலே வைக்கலாமா? எந்த ஒயரை எங்கே கொடுப்பது?

பதில்: தாராளமாக வைக்கலாம். ஸ்மார்ட் ரிலேக்கு இதைவிட வசதியான ஒயரிங் கிடையாது. 'டக்' என்று சத்தம் போடுவது இம்பல்ஸ் ரிலே. அதன் காயிலுக்கு (மின்காந்தச் சுருளுக்கு) ஒரு துடிப்பு கிடைத்தால் கான்டாக்ட் மூடும், அடுத்த துடிப்பில் திறக்கும். நான்கு பட்டன்களும் பக்க இணைப்பில் ஒரே ஒயரில் சேர்ந்து அந்தக் காயிலுக்கு வருகின்றன. அந்த இம்பல்ஸ் ரிலேயை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஸ்மார்ட் ரிலேயை உட்கார வைப்பதுதான் வேலை.

பழைய ரிலேயில் நான்கு முனைகள் இருக்கும். ஏ1, ஏ2 என்பவை காயில். 1, 2 என்பவை கான்டாக்ட். பெரும்பாலான வீடுகளில் ஏ1-க்குப் பட்டன்களிலிருந்து வரும் ஒயரும், ஏ2-வுக்கு நியூட்ரலும், 1-க்கு ஃபேஸும், 2-க்கு விளக்குக்குப் போகும் ஒயரும் இணைந்திருக்கும். ஷெல்லி 1 போன்ற, கான்டாக்ட் தனியாக விடப்பட்ட ரிலேயில் எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்), எஸ்டபிள்யூ (பட்டனின் சைகை வரும் இடம்), ஐ, ஓ (கான்டாக்டின் இரு பக்கங்கள்) என ஐந்து முனைகள். ஏ1-ல் இருந்த ஒயர் எஸ்டபிள்யூவுக்குப் போகும். ஏ2-வில் இருந்த நியூட்ரல் என்-க்கு. 1-ல் இருந்த ஃபேஸ் எல்-லுக்கு. அங்கிருந்து ஒரு சிறு லூப் ஒயர் ஐ-க்கு. 2-ல் இருந்த விளக்கு ஒயர் ஓ-வுக்கு. அவ்வளவுதான், சுவரில் எந்த பட்டனையும் கழற்ற வேண்டியதில்லை.

ஆனால் ஒயரை மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை கட்டாயம். சில பழைய வீடுகளில், முக்கியமாக மாடிப்படி விளக்குகளில், ஒரு ஒயரை மிச்சம் பிடிப்பதற்காக பட்டன்கள் ஃபேஸுக்குப் பதில் நியூட்ரலை அனுப்பும்படி இழுத்திருப்பார்கள். அப்படியானால் ஏ2-வில் நிரந்தரமாக ஃபேஸ் இருக்கும். நான் மேலே சொன்னதை அப்படியே செய்தால் ரிலேயின் நியூட்ரல் முனைக்கு ஃபேஸ் போய்விடும். எனவே மெயினை அணைத்து, ஏ1 ஒயரை மட்டும் கழற்றி, கனெக்டரால் மூடி, மெயினைப் போடுங்கள். ஒருவர் பட்டனை அழுத்திப் பிடித்திருக்க, அந்த ஒயருக்கும் நிச்சயமாகத் தெரிந்த நியூட்ரலுக்கும் இடையே அளந்து பாருங்கள். 230 வோல்ட் வந்தால் பட்டன் ஃபேஸை அனுப்புகிறது. நியூட்ரலோடு பூஜ்யமும் ஃபேஸோடு 230-ம் வந்தால் அது நியூட்ரல் பட்டன். இரண்டாவது வகையில், பட்டன்களின் பொது ஒயர் நியூட்ரல் கட்டையில் எங்கே சேர்கிறது என்று கண்டுபிடித்து அதை ஃபேஸுக்கு மாற்ற வேண்டும். மாற்றும்போது அதே ஒயரிலிருந்து வேறு ஏதாவது விளக்குக்கு நியூட்ரல் போகிறதா என்றும் பாருங்கள். போனால் அந்த ஒயரைத் தொடக் கூடாது.

அளக்கும்போது ஒரு எச்சரிக்கை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், எதனோடும் சேராமல் தொங்கும் ஒயரில்கூட 60, 80 வோல்ட் என்று காட்டும். பக்கத்து ஒயரிலிருந்து ஒட்டிக்கொள்ளும் பொய் வோல்ட்டேஜ் அது. இரண்டு முனை டெஸ்டரோ, குறைந்த இம்பீடன்ஸ் அமைப்புள்ள மீட்டரோ இருந்தால் இந்தக் குழப்பம் வராது. ஒற்றை முனை நியான் டெஸ்டரை நம்பி இந்த வேலையில் இறங்கவே வேண்டாம்.

பட்டன்களுக்குப் போகும் ஃபேஸும் ரிலேயின் எல்-லுக்கு வரும் ஃபேஸும் ஒரே எம்.சி.பி.யிலிருந்து (டிபி பாக்ஸில் உள்ள பாதுகாப்பு சுவிட்சிலிருந்து) வர வேண்டும். மூன்று ஃபேஸ் உள்ள வீட்டில் பட்டன் ஒரு ஃபேஸிலும் ரிலே வேறு ஃபேஸிலும் இருந்தால், பட்டனை அழுத்தும்போது ரிலேயின் உள்ளே 400 வோல்ட் சந்திக்கும், ரிலே தாங்காது. ஒரே ஃபேஸ், ஆனால் வேறு எம்.சி.பி. என்றாலும் ஆபத்துதான். ஒன்றை அணைத்துவிட்டு வேலை செய்பவருக்கு மற்றொன்றின் வழியாக ஷாக் அடிக்கும்.

வேலையின் வரிசை இது: மெயினை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி பூட்டுங்கள் அல்லது அறிவிப்பு ஒட்டுங்கள். டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கும் வேறோர் இடத்தில் வைத்துப் பார்த்து, பிறகு ஒயர்களில் பார்த்து, மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் பாருங்கள். நடுவில் டெஸ்டரே பழுதாகியிருந்தால் அப்போதுதான் தெரியும். ஒயர்களுக்குப் பெயர் எழுதி ஒட்டி, படம் எடுத்த பிறகு கழற்றுங்கள். இன்சுலேஷனை 6, 7 மில்லிமீட்டர் மட்டும் உரியுங்கள். பல இழை ஒயர் என்றால் நுனியில் ஃபெரூல் (சிறு உலோகக் குழல்) போட்டு நசுக்குங்கள், இல்லாவிட்டால் ஒரு இழை விலகிப் பக்கத்து முனையைத் தொடும். இறுக்கிய பிறகு ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்கள். டிபி பாக்ஸைத் திறந்து செய்யும் இந்த வேலையை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும் என்று உங்கள் ஊர்ச் சட்டம் சொன்னால், இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். சட்டம் சொல்லாவிட்டாலும், ஃபேஸ் எது நியூட்ரல் எது என்று அளந்து சொல்லத் தெரியாதவர் இதில் கை வைக்க வேண்டாம்.

கேள்வி: ரிலேயை மாட்டிவிட்டேன். பட்டனை அழுத்திப் பிடித்திருக்கும் வரைதான் விளக்கு எரிகிறது. விட்டால் அணைந்துவிடுகிறது. ஒயரிங் தப்பா?

பதில்: ஒயரிங் சரி; செட்டிங்தான் தப்பு. எஸ்டபிள்யூ முனையில் வருவதை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்று ரிலேக்கு நீங்கள் இன்னும் சொல்லவில்லை. அது தன்னை ஒரு சாதாரண சுவிட்சின் பின்னால் இருப்பதாக நினைத்து, அழுத்தினால் எரிய, விட்டால் அணைய வைக்கிறது. ஆப்பில் பட்டன் வகை என்ற இடத்தில் 'மொமெண்டரி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ரிலேயில் டாஸ்மோட்டா என்ற மாற்று மென்பொருள் போட்டிருந்தால் 'சுவிட்ச்மோட்1 3' என்ற கட்டளை.

இதையொட்டி வரும் மற்ற அறிகுறிகளையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் எல்லாவற்றையும் ஒயரிங் குற்றமாக நினைத்துப் பலரும் சுவரைத் திறக்கிறார்கள். எரியும் விளக்கு, அழுத்தும்போது அணைந்து, விடும்போது மறுபடி எரிகிறது என்றால் 'எட்ஜ்' முறையில் இருக்கிறது. அந்த முறையில் ரிலே ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு கட்டளையாக எண்ணும். அழுத்துவது ஒன்று, விடுவது இன்னொன்று. இரண்டு தடவை அழுத்தினால்தான் ஒரு தடவை மாறுகிறது என்றால், நீங்கள் புஷ் பட்டன் என்று நினைப்பது உண்மையில் ஒரு பக்கம் நின்றுவிடும் சாதாரண சுவிட்ச். மொமெண்டரி முறை அதற்குப் பொருந்தாது, எட்ஜ் முறைதான் வேண்டும். மொமெண்டரியிலேயே விட்டு வைப்பதும் நல்லதல்ல. சுவிட்ச் மூடிய நிலையில் நின்றால் ரிலே அதை நீண்ட அழுத்தல் என்று எடுத்துக்கொள்ளும். சில மாடல்கள் அதிலேயே, புதிதாக ஃபோனோடு சேர்ப்பதற்கான இணைப்பு முறைக்குள் போய்விடும்.

ஒரே அழுத்தலில் எரிந்து உடனே அணைவது வேறு விஷயம். பட்டனின் உள்ளே இருக்கும் உலோக நாக்கு மூடும்போது சில மில்லிசெகண்டுகள் துள்ளும். பழைய பட்டனில் கறை ஏறியிருந்தால் துள்ளல் இன்னும் நீளும். டாஸ்மோட்டாவில் இதற்கான காத்திருப்பு 50 மில்லிசெகண்டாக வைக்கப்பட்டிருக்கும். 'சுவிட்ச்டிபௌன்ஸ் 80' அல்லது 100 என்று உயர்த்திப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் அந்த ஒரு பட்டனை மாற்றுங்கள். நான்கில் எது என்று தெரிய, ஒவ்வொன்றாக இருபது தடவை அழுத்திப் பார்த்தால் போதும்.

கேள்வி: பட்டன்களுக்குள் இரவில் தெரிவதற்காகச் சின்ன ஆரஞ்சு விளக்கு இருக்கிறது. ரிலே மாட்டிய பிறகு யாரும் தொடாமலேயே விளக்கு நள்ளிரவில் எரிகிறது. சில சமயம் பட்டனை அழுத்தினால் எதுவும் நடப்பதில்லை.

பதில்: அந்த ஆரஞ்சு விளக்குதான் காரணம். அது நியான் குழல்; பட்டனின் இரண்டு முனைகளுக்கும் குறுக்கே, ஒரு ரெசிஸ்டரோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கிறது. பட்டன் திறந்திருக்கும்போது நியான் வழியாக ஒவ்வொன்றிலும் சுமார் 1 மில்லியாம்ப் கசிந்து எஸ்டபிள்யூ ஒயருக்கு வரும். பழைய இம்பல்ஸ் ரிலேயின் காயில் இதைச் சட்டை செய்யவில்லை. அதை அசைக்கப் பத்து மில்லியாம்புக்கும் மேல் வேண்டியிருந்தது. ஸ்மார்ட் ரிலேயின் எஸ்டபிள்யூ முனையோ மிக நுணுக்கமானது. கசிவையே அழுத்தல் என்று எடுத்துக்கொள்ளும். கசிவு எப்போதும் இருந்தால் பட்டன் எப்போதும் அழுத்தப்பட்டே இருப்பதாகத் தோன்றும், அதனால்தான் நிஜமாக அழுத்தும்போது ஒன்றும் நடப்பதில்லை.

முதல் வழி, நியானைக் கழற்றிவிடுவது. பல பட்டன்களில் அது செருகி எடுக்கும் தனித் துண்டு. இரண்டாவது வழி, பட்டன் பெட்டியில் நியூட்ரல் இருந்தால் நியானின் ஒரு காலை எஸ்டபிள்யூ ஒயரிலிருந்து எடுத்து நியூட்ரலுக்கு மாற்றுவது. அப்போது விளக்கும் எரியும், கசிவும் இருக்காது. இரண்டும் முடியாதபோதுதான் மூன்றாவது: எஸ்டபிள்யூவுக்கும் நியூட்ரலுக்கும் இடையே ஒரு கெபாசிட்டர் வைத்து, கசிவை அதன் வழியாக ஓடவிடுவது.

இங்கேதான் எல்லோரும் 0.1 மைக்ரோஃபாரட் என்று ஒரே அளவைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 ஹெர்ட்ஸில் 0.1 மைக்ரோஃபாரட் சுமார் 32 கிலோஓம் தடை தரும். ஒரு நியான், 1 மில்லியாம்ப் என்றால் எஸ்டபிள்யூவில் 32 வோல்ட்தான் நிற்கும், சரி. நான்கு பட்டன் என்றால் நான்கு நியான். 4 மில்லியாம்ப் ஓடினால் 128 வோல்ட் நிற்கும். ரிலே அதையும் அழுத்தலாகவே படிக்க வாய்ப்பு அதிகம். 0.47 மைக்ரோஃபாரட் போட்டால் தடை 6.8 கிலோஓம், நிற்பது 27 வோல்ட். ஆகவே பட்டன்களின் எண்ணிக்கையை வைத்துத்தான் கெபாசிட்டரின் அளவு. அது எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏ.சி. அல்லது அதற்கு மேல் எழுதப்பட்டதாக இருக்க வேண்டும். சாதாரண கெபாசிட்டர் சில மாதங்களில் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். தொடரில் 100 ஓம், தீப்பிடிக்காத வகை, 1 வாட். குறுக்கே 1 மெகாஓம் ரெசிஸ்டர், அணைத்த பிறகு மிச்ச மின்னூட்டம் வடிவதற்கு. 100 ஓமும் கெபாசிட்டரும் ஒரே கூட்டில் அடைத்த ஆர்சி ஸ்னப்பர் தயாராகவே கிடைக்கிறது. கையால் கோப்பதைவிட அதுவே நல்லது.

நியானே இல்லாத வீட்டிலும் இதே பேய் எரிச்சல் வரலாம். பட்டன் ஒயரும் நிரந்தர ஃபேஸும் ஒரே குழாயில் நெடுந்தூரம் சேர்ந்து ஓடினால் அவற்றுக்கிடையே தானாக ஒரு கெபாசிட்டர் உருவாகிறது. மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால், 60 மீட்டரில் 6 நானோஃபாரட். அதன் வழியாகச் சுமார் 0.4 மில்லியாம்ப். அரை நியானுக்குச் சமம். இதற்கு 0.1 மைக்ரோஃபாரட் ஸ்னப்பர் போதும்.

கேள்வி: சோனாஃப் மினி வாங்கியிருக்கிறேன். அதில் எஸ்டபிள்யூ என்று இல்லை, எஸ்1, எஸ்2 என்றுதான் இருக்கிறது. ஃபேஸை எதில் கொடுப்பது?

பதில்: இரண்டிலும் கொடுக்கக் கூடாது. கொடுத்த மறுநொடியே ரிலே போய்விடும். எஸ்1, எஸ்2 இரண்டும் உள்ளே இருக்கும் சில வோல்ட் மின்சாரத்தோடு சேர்ந்தவை. பட்டன் அந்த இரண்டையும் வெறுமனே ஒன்று சேர்க்க வேண்டும், அவ்வளவே. அதாவது பட்டனின் இரு முனைகளிலும் வேறு எந்த மின்சாரமும் இருக்கக் கூடாது. முதல் கேள்வியில் சொன்ன வீட்டைப் போல பட்டன்களுக்குப் பொதுவாக ஃபேஸ் ஒயர் போகிறதென்றால், அந்தப் பொது ஒயரை ஃபேஸிலிருந்து முழுமையாகப் பிரித்து எஸ்1-க்குக் கொண்டு வர வேண்டும். பிரிக்க முடியாத இடத்தில் எஸ்டபிள்யூ முனை உள்ள ரிலேதான் பொருந்தும்.

சில வோல்ட்தானே என்று மெல்லிய மணி ஒயரையும் போடாதீர்கள். உள்ளே இருக்கும் பவர் சப்ளை மெயினிலிருந்து பிரிக்கப்பட்டதல்ல; எஸ்1-ஐத் தொட்டால் பூமிக்கு எதிராக முழு மெயின் வோல்ட்டேஜ் கிடைக்கலாம். மெயினுக்கு ஏற்ற இன்சுலேஷன் உள்ள ஒயரும் பட்டனும்தான் இதற்கும். ஒரு நன்மை உண்டு: இந்த வகையில் நியான் கசிவுத் தொல்லை வராது, ஏனென்றால் அந்தச் சில வோல்ட்டில் நியான் எரியவே எரியாது.

கேள்வி: எங்கள் பட்டன்கள் 24 வோல்ட்டில் வேலை செய்கின்றன. டிபி பாக்ஸில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. இவற்றை ஸ்மார்ட் ரிலேயோடு சேர்க்க முடியுமா?

பதில்: நேரடியாகச் சேர்க்க முடியாது, முயலவும் வேண்டாம். அந்தப் பட்டன்களுக்குப் போகும் ஒயர் 24 வோல்ட்டுக்கென்றே இழுத்தது. இன்சுலேஷன் மெல்லியது, சில இடங்களில் பட்டனின் வெளிக்கூடு வெறும் உலோகம். அதில் மெயினைக் கொடுத்தால் உயிராபத்து. மேலே சொன்ன காரணத்தால் எஸ்1, எஸ்2 முனைகளோடு சேர்ப்பதும் அதே ஆபத்துதான்.

நடுவில் ஒரு இணைப்பு ரிலே வையுங்கள். இப்போதிருக்கும் இம்பல்ஸ் ரிலேயின் காயிலுக்குப் பதில், 24 வோல்ட் ஏ.சி. காயில் உள்ள ஒரு சாதாரண ரிலே. பட்டனை அழுத்தும் வரை அது ஈர்க்கும், விட்டால் விடும். அதன் கான்டாக்டை மெயின் பக்கத்தில், எல்-லுக்கும் எஸ்டபிள்யூவுக்கும் இடையே கொடுங்கள். காயிலுக்கும் கான்டாக்டுக்கும் இடையே குறைந்தது 4,000 வோல்ட் இன்சுலேஷன் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஏ.சி. டிரான்ஸ்ஃபார்மருக்கு டி.சி. காயில் வாங்கிவிட்டால் ரிலே நடுங்கி இரையும். ஒரே அழுத்தல் பத்து அழுத்தலாகப் பதிவாகும். டிபி பாக்ஸின் உள்ளே 24 வோல்ட் ஒயரும் மெயின் ஒயரும் உரசாதபடி பிரித்துக் கட்டுங்கள்.

கேள்வி: பழைய இம்பல்ஸ் ரிலேயை எடுக்க மனமில்லை. இருபது வருடமாக உழைக்கிறது. அதை வைத்துக்கொண்டே ஃபோனிலும் இயக்கலாமா?

பதில்: இயக்கலாம். ஸ்மார்ட் ரிலே இங்கே ஐந்தாவது பட்டனாக வேலை செய்யும். அதன் கான்டாக்டை மற்ற பட்டன்களுக்குப் பக்க இணைப்பாகக் கொடுங்கள்: ஐ முனைக்கு ஃபேஸ், ஓ முனையிலிருந்து ஏ1-க்கு ஒயர். பிறகு மூடியதும் 0.5 செகண்டில் தானே திறக்கும்படி அமையுங்கள். டாஸ்மோட்டாவில் 'பல்ஸ்டைம் 5'. இந்த நேரம் ரிலேக்குள்ளேயே எழுதப்பட வேண்டும். ஃபோனிலோ வேறு சர்வரிலோ இருந்து 'மூடு' என்றும் 'திற' என்றும் இரண்டு கட்டளை அனுப்பும்படி வைத்தால், நடுவில் வைஃபை போனால் காயில் மூடியபடியே நிற்கும். தொடர்ந்து மின்சாரம் தாங்கும்படி செய்யாத காயில் சூடாகிக் கருகும். காயிலுக்குக் குறுக்கே ஒரு ஆர்சி ஸ்னப்பரும் போடுங்கள். திறக்கும் நேரத்தில் வரும் உதைப்பால் ஸ்மார்ட் ரிலே தானாக ரீஸ்டார்ட் ஆவது இதனால் நிற்கும்.

ஒரு குறை மிச்சம் இருக்கும். விளக்கு எரிகிறதா இல்லையா என்று ஃபோனுக்குத் தெரியாது. 'அணை' என்று நீங்கள் அனுப்பும் துடிப்பு அணைந்த விளக்கை ஏற்றிவிடலாம். இதற்கு அழகான தீர்வு உண்டு. எஸ்டபிள்யூ முனை சும்மாதானே இருக்கிறது? விளக்குக்குப் போகும் ஒயரிலிருந்து, அதாவது பழைய ரிலேயின் 2-லிருந்து, அதற்கு ஒரு ஒயர் கொடுத்து, எஸ்டபிள்யூவை 'டிடாச்டு' முறைக்கு (எஸ்டபிள்யூ கான்டாக்டை நேரடியாக இயக்காத முறைக்கு) மாற்றுங்கள். விளக்கு எரிந்தால் எஸ்டபிள்யூவில் ஃபேஸ் இருக்கும், அணைந்தால் இருக்காது. கேட்ட நிலையும் இருக்கும் நிலையும் வேறாக இருந்தால் மட்டும் துடிப்பு அனுப்பு என்று ஒரு விதி எழுதினால் போதும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இருப்பது டூ வே சுவிட்சுகள், ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து இயக்குபவை. அவற்றைப் புஷ் பட்டனாக மாற்றி நடுவில் ரிலே வைக்க ஆசை. புது ஒயர் இழுக்க வேண்டுமா?

பதில்: விளக்குக்கு ஒயர் கிளம்பும் பெட்டியில் நியூட்ரல் இருந்தால் இழுக்க வேண்டாம். டூ வே முறையில் முதல் பெட்டிக்கு ஃபேஸ் வருகிறது; இரண்டு பெட்டிகளுக்கும் இடையே இரண்டு ஒயர்கள் ஓடுகின்றன; இரண்டாவது பெட்டியிலிருந்து விளக்குக்கு ஒயர் போகிறது. அந்த இரண்டு ஒயர்களில் ஒன்றை நிரந்தர ஃபேஸாகவும் மற்றதைச் சைகை ஒயராகவும் மாற்றுங்கள். முதல் பெட்டியில் ஃபேஸை முதல் ஒயரோடு சேர்த்து, பட்டனை அந்த ஒயருக்கும் இரண்டாவது ஒயருக்கும் இடையே வையுங்கள். இரண்டாவது பெட்டியில் முதல் ஒயர் ரிலேயின் எல், ஐ இரண்டுக்கும்; இரண்டாவது ஒயர் எஸ்டபிள்யூவுக்கு; இங்குள்ள பட்டனும் அதே இரண்டு ஒயர்களுக்கு இடையில்; ஓ-விலிருந்து விளக்குக்கு; நியூட்ரல் என்-க்கு. நடுவில் மூன்றாவதாக ஒரு சுவிட்ச் இருந்தால், அந்தப் பெட்டியில் இரண்டு ஒயர்களையும் அப்படியே நேராகச் சேர்த்து, பட்டனை அவற்றுக்குக் குறுக்கே வைத்தால் ஆயிற்று.

பட்டனுக்கு, அதே பிளேட்டில் பொருந்தும் காலிங் பெல் சுவிட்ச் போதும். பட்டனின் வழியாக விளக்கின் கரண்ட் போவதில்லை என்பதால் அதன் ஆம்பியர் பற்றிக் கவலை இல்லை.

நியூட்ரல் முதல் பெட்டியில் மட்டும் இருக்கிறது என்றால் இரண்டு ஒயர் போதாது. ஓ-வின் மின்சாரத்தை விளக்குக்குக் கொண்டுபோக ஒன்று, இரண்டாவது பட்டனுக்கு ஃபேஸ் ஒன்று, சைகைக்கு ஒன்று என மூன்று வேண்டும். அங்கே மூன்றாவது ஒயர் இழுங்கள், அல்லது இரண்டாவது இடத்தில் பேட்டரியில் ஓடும் வயர்லெஸ் பட்டன் வையுங்கள். சும்மா கிடக்கிறதே என்று பச்சை எர்த் ஒயரைச் சைகைக்கோ நியூட்ரலுக்கோ பயன்படுத்துவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது. அப்படிச் செய்த வீட்டில் விளக்கின் உலோகக் கூடே ஷாக் அடிக்கும்.

கேள்வி: எந்தப் பெட்டியிலும் நியூட்ரல் இல்லை.

பதில்: நியூட்ரல் இல்லாமல் ஓடும் ரிலே வகை இருக்கிறது. அணைந்திருக்கும்போதும் அது தன் பிழைப்புக்கு வேண்டிய சிறு கரண்டை விளக்கின் வழியாகவே எடுக்கும். எல்.இ.டி. விளக்கு அந்தக் கரண்டில் மங்கலாக எரியும், அல்லது விட்டுவிட்டு மின்னும். இதைத் தடுக்க, விளக்கின் ஹோல்டரில் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே அந்த ரிலேயோடு தரும் பைபாஸ் துண்டை வைக்க வேண்டும். ரிலே பக்கத்தில் வைத்தால் பயனில்லை. என்றாலும், கூரையில் விளக்குக்கு மேலே உள்ள ஜங்ஷன் பாக்ஸில் நிரந்தர ஃபேஸும் நியூட்ரலும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல வீடுகளில் இருக்கும். இருந்தால் சாதாரண ரிலேயை அங்கேயே வைத்து, சுவிட்ச் பெட்டிக்கு இறங்கி ஏறும் இரண்டு ஒயர்களைப் பட்டனுக்கு விட்டுவிடலாம். அதுதான் நீண்ட நாள் தொல்லை இல்லாத வழி.

கேள்வி: ரிலேயில் 10 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. 10 வாட் எல்.இ.டி. பன்னிரண்டுதான் மாட்டினேன், மொத்தம் 120 வாட். ஆறே மாதத்தில் ஆப் 'அணைந்தது' என்கிறது, விளக்கு எரிந்துகொண்டே இருக்கிறது.

பதில்: கான்டாக்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது. 120 வாட் என்பது அரை ஆம்பியர்தான், ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும்போது. ஒவ்வொரு எல்.இ.டி. டிரைவருக்குள்ளும் ஒரு கெபாசிட்டர் காலியாக இருக்கிறது. மின்சார அலை 325 வோல்ட் உச்சியில் இருக்கும் கணத்தில் கான்டாக்ட் மூடினால், பன்னிரண்டும் சேர்ந்து ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவான நேரத்தில் பல பத்து ஆம்பியர்களை இழுக்கும். மூடும்போது துள்ளும் கான்டாக்டில் அந்தப் பொறி வெல்டிங் போலவே வேலை செய்கிறது. 10 ஆம்பியர் என்பது ஹீட்டர் போன்ற வெறும் ரெசிஸ்டன்ஸ் சுமைக்கான எண். எல்.இ.டி.க்கு எத்தனை வாட் என்று தயாரிப்பாளரின் தாளில் தனியாக இருக்கும், அது மிகக் குறைவான எண்ணாக இருக்கும்.

தட்டினால் ஒட்டியது விடுபடும். ஆனால் அந்த ரிலேயை மறுபடி நம்பக் கூடாது. புதிதாக வாங்கும்போது அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரம் பார்த்து மூடும் வகையைத் தேடுங்கள். விளக்குகள் இன்னும் அதிகம் என்றால், ஸ்மார்ட் ரிலே ஒரு காண்டாக்டரின் (பெரிய சுமை தாங்கும் ரிலேயின்) காயிலை மட்டும் இயக்கட்டும், விளக்குகளின் சுமையை காண்டாக்டர் சுமக்கட்டும். காயிலுக்குக் குறுக்கே ஸ்னப்பர் மறக்க வேண்டாம். விளக்குகளை ஆறு ஆறாக இரண்டு ரிலேக்குப் பிரிப்பதும் பலன் தரும்.

கேள்வி: வைஃபை இல்லாதபோது பட்டன் வேலை செய்யுமா? கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும்?

பதில்: வேலை செய்யும். பட்டனிலிருந்து கான்டாக்ட் வரையிலான வேலை ரிலேக்குள்ளேயே நடக்கிறது. ரூட்டரை அணைத்துவிட்டு எல்லாப் பட்டன்களையும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் பெட்டியை மூட வேண்டாம். டிடாச்டு முறையில் வைத்திருந்தால் மட்டும் பட்டன் வெளிக் கட்டளையை நம்பியிருக்கும்.

கரண்ட் வந்ததும் அணைந்தே இருக்க வேண்டுமா, பழைய நிலைக்குத் திரும்ப வேண்டுமா என்பது ஒரு செட்டிங். டாஸ்மோட்டாவில் 'பவர்ஆன்ஸ்டேட் 0' என்றால் அணைந்திருக்கும், 3 என்றால் பழைய நிலை. இன்னொன்று: மின்சாரம் வந்த முதல் ஒரு நிமிடத்துக்குள் பட்டனை ஐந்து தடவை அழுத்தினால் சில மாடல்கள் ஃபேக்டரி ரீசெட் ஆகிவிடும். கரண்ட் வந்த உற்சாகத்தில் குழந்தைகள் தட்டுவதற்கு அது போதும். ரிலேயை இணைத்து முடித்ததும் அந்த வசதியை அணைத்துவிடுங்கள்.

கேள்வி: ரிலே வைத்த நாள் முதல் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு கண்டால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்) விழுந்துகொண்டே இருக்கிறது.

பதில்: பக்கத்தில் கிடைத்த வேறொரு சர்க்யூட்டின் நியூட்ரலை ரிலேக்குக் கொடுத்திருப்பீர்கள். ஒரு ஆர்.சி.சி.பி. வழியாகப் போகும் கரண்ட் அதே ஆர்.சி.சி.பி. வழியாகத் திரும்ப வேண்டும். ரிலே மட்டும் எடுப்பது சில மில்லியாம்ப்தான் என்பதால் உடனே விழாது. விளக்கின் நியூட்ரலும் அங்கே சேர்ந்திருந்தால் விளக்கு எரியும் கணத்தில் விழும். ஃபேஸ் வந்த சர்க்யூட்டிலிருந்தே நியூட்ரலையும் எடுங்கள்.

கேள்வி: ரிலே ஒரு நாள் செத்துப்போனால் வீடே இருட்டாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. முன்னேற்பாடு ஏதாவது உண்டா?

பதில்: உண்டு. கழற்றிய இம்பல்ஸ் ரிலேயைத் தூக்கி எறியாதீர்கள். டிபி பாக்ஸில் இடம் இருந்தால் ஒயர் இல்லாமல் அதன் பழைய இடத்திலேயே மாட்டி வையுங்கள். ஏ1, ஏ2, 1, 2 என்று ஒயர்களில் ஒட்டிய சீட்டுகளும் அப்படியே இருக்கட்டும். ஸ்மார்ட் ரிலே பழுதானால் நான்கு ஒயர்களைத் திருப்பி மாட்டக் கால் மணி நேரம் போதும். சுவர்ப் பெட்டிக்குள் வைத்த ரிலேயானால் ஒயர்களை நேராக ரிலேயில் திணிக்காமல், நெம்புகோல் உள்ள கனெக்டர்கள் வழியாகக் கொண்டு வாருங்கள். ரிலே இறந்தால் எல் ஒயரையும் விளக்கு ஒயரையும் ஒரு சாதாரண சுவிட்சில் சேர்த்து அன்றைய இரவைத் தள்ளலாம்.

ரிலே சீக்கிரம் சாகாமலிருக்க வழி, அதற்கு மூச்சுவிட இடம் தருவதுதான். பெரும்பாலான ரிலேக்கள் சுமார் 40 டிகிரி சூழல் வெப்பம் வரைதான் தாங்கும் என்று எழுதப்பட்டவை. 16, 18 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரிலேயை ஆழமில்லாத பெட்டியில் ஒயர்களோடு சேர்த்து அமுக்கினால் வெப்பம் வெளியேறாது. முழு உலோகப் பெட்டியில் வைஃபையும் திணறும். ஆப்பில் சிக்னல் மைனஸ் 80-க்குக் கீழே போனால் இணைப்பு அடிக்கடி அறுபடும், மைனஸ் 67-க்கு மேலே இருந்தால் நிம்மதி. பெட்டியை மூடுவதற்கு முன் ஒருமுறையும், மூடியை இறுக்கிய பிறகு ஒருமுறையும் அந்த எண்ணைப் பாருங்கள். மூடிய பிறகு பத்துக்கு மேல் சரிந்தால் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, ரிலேயைக் கூரை ஜங்ஷன் பாக்ஸுக்கு மாற்றுங்கள்.